கோழிக்கு முன்னே கூடு: உப்புக்காற்றுக் கரையில் முதல் பத்துக் கோழி

ஆத்தூர் பக்கம், தாமிரபரணி கடலில் சேர்வதற்குச் சில கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வாசகி ஒருவர் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டைச் சுற்றி ஏழு சென்ட் தோட்டம். கொஞ்சம் வாழை, இரண்டு முருங்கை, கிணற்றடியில் கீரைப்பாத்தி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய 14 கோழிகளும் ஒரே இரவில் போய்விட்டன. வீட்டுச் சுவரை ஒட்டித் தரையோடு தரையாகப் பலகையால் அடித்த கூடு. கீரிக்குப் பயந்து இரவில் சங்கிலி போட்டுப் பூட்டுவது வழக்கம். அன்றும் பூட்டியிருந்தார்.

ஒரு வருடம் கழித்து, மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரியிடம் 20 குஞ்சுகள் வாங்கினார். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள். பன்னிரண்டு நாளில் 17 செத்தன. மிச்சம் மூன்றைப் பருந்தும் பூனையும் கொண்டுபோயின. "நமக்குக் கோழி ராசி இல்ல தாயி, விட்டுருவோம்" என்று மாமியார் சொல்லிவிட்டாராம். 'மறுபடி முயன்று பார்க்கலாமா, அத்தை சொல்வதுபோல விட்டுவிடலாமா?' என்பது அவருடைய கேள்வி.

இதே கேள்வி வேம்பாரில் தொடங்கி மணப்பாடு வரை பல வீடுகளில் இருக்கிறது. கோழி செத்ததற்கு ராசியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அந்த வாசகியின் இரண்டு இழப்பையும் பிரித்துப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரியும். முதல் இழப்பு கூட்டின் உயரத்தால் வந்தது. இரண்டாவது, எங்கே வாங்கினார், தடுப்பூசி போட்டதா, கதகதப்பு கொடுத்தாரா, மூடி வைத்தாரா என்பதால் வந்தது. இரண்டும் கோழி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயங்கள். ஆகவே மறுபடி தாராளமாக வளர்க்கலாம். வேலையின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் கூடு, இரண்டாவது தடுப்பூசி ஏற்பாடு, மூன்றாவதாகத்தான் கோழி.

இடமும் உயரமும்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். ஆடு, மாடு, கோழி என்று ஏராளமான உயிர்கள் அந்த வெள்ளத்தில் போயின. அப்படி ஒரு மழை தினமும் வராது. ஆனால் இந்த மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. அந்தச் சில வாரங்களைக் கணக்கில் வைத்துத்தான் கூடு கட்ட வேண்டும்.

ஆற்றங்கரை, குளத்தங்கரை ஊர்களில் அளவுகோல் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. 2023-ல் தண்ணீர் நின்ற தடம் பல வீடுகளில் இன்னும் அழியவில்லை. அந்தத் தடத்துக்கு அரை அடி மேலே கூட்டின் தரை இருக்க வேண்டும். தடம் இடுப்பளவுக்கு மேலே இருந்தால், அவ்வளவு உயரத்தில் கால் நட்டுக் கட்டுவது காற்றுக்குத் தாங்காது. அங்கே இரண்டு பேர் தூக்கக்கூடிய இலகுவான கூடாகச் செய்து, மழை எச்சரிக்கை வந்ததும் மொட்டைமாடிக்கோ ஊரின் மேட்டுக்கோ கொண்டுபோய்விடலாம்.

வெள்ளம் ஏறாத தேரிக்காட்டு ஊர்களுக்கும் விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்கும் தரையிலிருந்து 2 முதல் 3 அடி உயரம் போதும். கீரியும் நாயும் எட்டாது, அடியில் காற்று ஓடும், எச்சத்தை அள்ளுவதும் எளிது.

கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் அகலம் குறைந்த பக்கங்களில் மட்டும் விழும். சித்திரை, வைகாசியில் இது பெரிய வித்தியாசம். வேம்பு, புளி, முருங்கை போன்ற மரத்தின் நிழல் விழும் இடம் நல்லது. தென்னைக்கு நேர் கீழே வேண்டாம். ஒரு நெற்று விழுந்தால் கூரையோடு போய்விடும்.

பனையில் ஒரு கூடு

பத்துப் பெட்டை, ஒரு சேவல். இது முதல் முறை வளர்ப்பவருக்குச் சரியான எண்ணிக்கை. பகலில் தோட்டத்தில் மேய்ந்துவிட்டு இரவில் மட்டும் அடையும் நாட்டுக்கோழிக்கு, ஒன்றுக்கு ஒன்றரை முதல் 2 சதுர அடி கிடைக்க வேண்டும். 5 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 20 சதுர அடி. பதினோரு கோழிக்கு இது போதும்.

கடலோரத்தில் கூட்டுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. முத்தையாபுரம், தருவைகுளம் பக்கம் உப்பளத்தை ஒட்டிய வீடுகளில் மெல்லிய இரும்பு வலை சீக்கிரமே துருவேறிக் கையால் தொட்டாலே உதிரும். துரு ஏறிய ஓர் ஓட்டை போதும், கீரி உள்ளே நுழைய. ஆகவே எலும்புக்கூட்டைப் பனையில் செய்வது இந்த மாவட்டத்துக்குப் பொருத்தம். வைரம் பாய்ந்த பனங்கை நான்கு கால்களுக்கும் விட்டங்களுக்கும் ஆகும். தரைக்குப் பனை வரிச்சுகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும், கோழியின் கால் மாட்டாது. மண்ணில் இறங்கும் பகுதிக்குத் தார் பூசினால் கறையான் ஏறத் தாமதமாகும்.

சுவருக்கு மூன்று பக்கம் அரை அங்குலக் கண் கொண்ட வலை அடிக்க வேண்டும். துத்தநாகம் பூசிய சாதாரண வலையைவிட, மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள வலை சற்று விலை கூடுதல். ஆனால் உப்புக்காற்றில் அதிக நாள் வரும். பழைய மீன்வலையைச் சுவராகக் கட்டுவது இந்தப் பக்கம் பலரும் செய்வது. அது வேண்டாம். எலியும் கீரியும் நைலானைக் கடித்துவிடும். தொய்வாக இருந்தால் கோழியின் காலும் கழுத்தும் சிக்கும். அதே மீன்வலையைக் குஞ்சு மேயும் இடத்துக்கு மேலே பந்தல்போல விறைப்பாக இழுத்துக் கட்டினால், பருந்துக்கும் காகத்துக்கும் நல்ல தடுப்பு.

கூரைக்குப் பனை ஓலைதான் குளிர்ச்சி. தகரம் போட்டே ஆக வேண்டும் என்றால் அதன் மேல் ஓலை பரப்ப வேண்டும். கூரை எல்லாப் பக்கமும் 2 அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். கொண்டல் காற்றோடு வரும் ஐப்பசிச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் மழைக்காலத்தில் மட்டும் சாக்குப் படுதா தொங்கவிடலாம். ஆனி, ஆடியில் மேல்காற்று புழுதியோடு வரும். அப்போது படுதாவை மேற்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். எந்தக் காலத்திலும் நான்கு பக்கமும் மூடக் கூடாது. மூடினால் எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் மூச்சையும் கெடுத்து, சளி பிடிக்கும். காலையில் கூட்டைத் திறக்கும்போது மூக்கில் நெடி ஏறினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

உள்ளே இரண்டு பொருள் மட்டும் வேண்டும். ஒன்று, உட்காரும் கட்டை. கூட்டின் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒன்றரை முதல் 2 அங்குலத் தடிப்புள்ள உருண்டையான கம்பு. ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்று பதினோரு கோழிக்கு ஏறத்தாழ ஏழரை அடி. இரண்டு கம்புகளாகப் பிரித்துக் கட்டலாம். இரண்டாவது, முட்டையிடும் பெட்டி. நான்கைந்து பெட்டைக்கு ஒன்று போதும். ஓரடி நீளம், ஓரடி அகலம், உள்ளே வைக்கோல். இருட்டான மூலையில் வைத்தால் கோழி தானாகத் தேடிப் போகும்.

மாதம் ஒருமுறை கட்டையின் இடுக்குகளையும் வரிச்சின் சந்துகளையும் பார்க்க வேண்டும். பகலில் உண்ணி ஒளிவது அங்கேதான். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து இடுக்குகளில் அடித்தால் கட்டுப்படும். கூட்டுக்கு வெளியே ஓரமாக ஒரு குழி எடுத்து, தேரி மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பினால் கோழி புரண்டு புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும்.

கடைசியாக, பூட்டு. இரவில் தாழ்ப்பாள் அவசியம். ஆனால் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளிலும், அணையில் தண்ணீர் திறந்துவிட்டதாகத் தண்டோராவோ கைபேசிச் செய்தியோ வந்த நாளிலும், கோழிகளைக் கூட்டில் பூட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பஞ்சாரத்திலோ சாக்கு கட்டிய கூடையிலோ எடுத்து வீட்டின் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் கதவையாவது திறந்துவிட வேண்டும். திறந்த கோழி கூரையிலோ மரத்திலோ ஏறிப் பிழைக்க வழியுண்டு. பூட்டிய கோழிக்கு வழியே இல்லை.

தெருவே சேர்ந்து போடும் தடுப்பூசி

வாசகியின் இரண்டாவது இழப்பு வெள்ளைக்கழிச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோழி உறங்கி உறங்கி நிற்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பிழைத்துக் கிடப்பதற்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் பத்தில் ஒன்பது சாவதும் உண்டு. 1920-களின் பிற்பகுதியில் இமயமலை அடிவாரத்தில் உள்ள ராணிக்கேத் ஊரில் இது கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் ராணிக்கேத் நோய் என்கிறார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பக்கமும் கண்டறியப்பட்டதால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. வைரஸால் வருவது. வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டுமே வழி.

தடுப்பூசி வரிசை சிக்கலானது அல்ல. குஞ்சு பிறந்த 7-ம் நாள் லசோட்டா அல்லது எஃப் வகை மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4-வது வாரம் லசோட்டா மறுபடி. 6, 7-வது வாரத்தில் கோழி அம்மைக்கு. 8 முதல் 10-வது வாரத்துக்குள் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே ஆர்.டி.வி.கே ஊசி. பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது கழிச்சல் ஊசியைத் திரும்பப் போட வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்து கொடுத்தால் ஊசி நன்றாக வேலை செய்யும். அளவை கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்துக் கோழி வைத்திருப்பவர் தடுப்பூசி போடாமல் விடுவதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை. மருந்து வருவது பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியில். குளிர்ச்சியில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 11 கோழிக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. இதற்குத் தீர்வு தெருவில்தான் இருக்கிறது. எட்டு வீடு, வீட்டுக்கு 12 கோழி என்றால் 96. ஒரு குப்பி சரியாகத் தீர்ந்துபோகும். மகளிர் குழுவில் ஒருவர் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வாங்கி வர, காலை ஏழு மணிக்குள் தெருவே போட்டு முடித்துவிடலாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு வீட்டில் மட்டும் ஊசி போட்டு, பக்கத்து வீட்டில் போடாவிட்டால் நோய் தெருவைவிட்டுப் போகாது. நாட்டுக்கோழிக்கு வேலி கிடையாது. தெருவே சேர்ந்து போட்டால்தான் தெருவுக்கே பாதுகாப்பு.

தமிழக அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். ஊசி இலவசம். முகாம் உங்கள் ஊருக்கு எந்த நாள் என்பதை அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம். மற்ற மாதங்களிலும் எந்தக் கிழமை கோழிக்கு ஊசி போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கழிச்சலுக்குக் குருணை வடிவில், தீவனம்போலக் கொடுக்கும் மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. பிடிபடாமல் ஓடும் கோழிகளுக்கு அது வசதி.

எந்தக் கோழி, எப்போது

சாயம் ஏற்றிய குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் ஏறாது. கதகதப்பு இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் சுற்றி வந்ததால் வாங்கும்போதே பாதி உயிர்தான் இருக்கும். விலை குறைவு என்பதால் வாங்கத் தோன்றும். முதல் கூட்டத்துக்கு அது ஆகாது.

முதல் முறை வளர்ப்பவர், ஊசி முழுக்கப் போட்டு முடித்த 10 முதல் 12 வாரத்து விடலைக் கோழிகளாக வாங்குவது பாதுகாப்பு. ஒருநாள் குஞ்சை வளர்க்க முதல் வாரம் 35 டிகிரி வெப்பமும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைவாகவும் மின்விளக்கில் கொடுக்க வேண்டும். மின்தடை உள்ள ஊரில் அது தலைவலி. சிறுவிடைப் பெட்டைகள் கடலோரத் தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்தும். உடல் சிறியது, ஓட்டம் அதிகம், அடை நன்றாக உட்காரும், குஞ்சைக் காக்கும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் முட்டை அதிகம் இடும். ஆனால் அடை உட்காரும் குணம் குறைவு. கூட்டத்தைத் தானாகப் பெருக்க நினைப்பவருக்கு நாட்டுப் பெட்டையே நல்லது.

வாங்க ஏற்ற காலம் தை, மாசி. மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தடுப்பூசி முகாமும் அப்போதுதான். எல்லாக் கோழியையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்க வேண்டும். ஏற்கெனவே வீட்டில் கோழி இருந்தால், புதியவற்றை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். கூட்டில் விட்டதும் மூன்று நாள் வெளியே விடக் கூடாது. அதற்குள் இதுதான் தன் வீடு என்று பழகிவிடும்.

என்ன கிடைக்கும்?

நாட்டுப் பெட்டை வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். 12 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு வரும். 21 நாளில் குஞ்சு பொரியும். பத்துப் பெட்டைக்கு 600 முதல் 800 முட்டை. அதில் பாதியை அடைக்கும் பாதியைச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கினால், குழந்தைகளுக்கு அநேகமாக நாளுக்கு ஒரு முட்டை கிடைக்கும். கோழி விற்ற காசு பொங்கலுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவும். இதற்கு மேல் எதிர்பார்த்துக் கடன் வாங்கி ஆரம்பிக்கக் கூடாது. முதல் வருடம் பத்துக் கோழியைச் சாகாமல் வைத்திருந்தாலே வெற்றி.

மேய்ச்சலில் கிடைக்கும் புழு, பூச்சி, கீரை, சிந்திய தானியம் போக, ஒரு கோழிக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் கொடுத்தால் போதும். கம்பு, சோளம், உடைந்த அரிசி, தவிடு, கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு. கோடையில் காலை வெயில் ஏறுமுன்னும் சாயங்காலமும் மட்டும் கொடுக்க வேண்டும். நடுப்பகலில் தின்றால் உடல் சூடு ஏறும். குடிதண்ணீரை மண்சட்டியில், நிழலில் வைத்து, வெயில் நாளில் மூன்று முறை மாற்ற வேண்டும்.

வாசகர் கேள்விகள்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. மாடு குடிக்கிறது. கோழிக்குக் கொடுக்கலாமா? (வாசகர், பழையகாயல்)

மாடு தாங்கும் உப்பைக் கோழி தாங்காது. ஒரு லிட்டரில் கரைந்த உப்பு 1,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் கவலையில்லை. 3,000-க்கு மேல் போனால் எச்சம் நீராகக் கழியும், வளர்ச்சி குறையும். 5,000-ஐத் தாண்டினால் கோழிக்கு ஆகாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் பரிசோதிக்கலாம். அறிக்கையில் இ.சி. என்ற மின்கடத்துதிறன் 1 என்று இருந்தால் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பு கூடுதல் என்றால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ கோழிக்கு ஒதுக்க வேண்டும். பதினோரு கோழிக்குச் சாதாரண நாளில் இரண்டரை லிட்டர், கோடையில் 4, 5 லிட்டர் போதும். தண்ணீரில் தடுப்பு மருந்து கலக்கும் நாளில் மட்டும் குளோரின் வாசனை உள்ள குழாய்த் தண்ணீர் வேண்டாம். குளோரின் மருந்தைக் கொன்றுவிடும்.

கடற்கரையில் மீன் கழிவு சும்மா கிடைக்கிறது. கருவாட்டுத் தலையும் நிறைய உண்டு. போடலாமா? (வாசகி, தருவைகுளம்)

கருவாட்டுத் தலை வேண்டாம். கோழித் தீவனத்தில் உப்பு நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டக் கூடாது. கருவாட்டில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். குஞ்சுகள் தாகத்தில் தண்ணீரையே குடித்துக் குடித்து, நீராகக் கழிந்து செத்துவிடும். உப்பு போடாத பச்சை மீன் கழிவை நன்றாக வேகவைத்து, மொத்தத் தீவனத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு கலக்கலாம். முட்டையில் கவிச்சி வாடை அடித்தால் அளவைக் குறைக்க வேண்டும். அழுகியதைத் தொடவே கூடாது.

முட்டை ஓடு மெலிசாக, கைபட்டாலே உடைகிறது. என்ன செய்வது? (வாசகி, புன்னக்காயல்)

சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. அதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சமைத்து எறியும் சிப்பி ஓட்டையும் கிளிஞ்சலையும் நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசி உப்பு போக்கி, வெயிலில் காயவைத்து, அரிசி நொய் அளவுக்கு இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் தேவைப்பட்ட பெட்டை தானே கொத்தித் தின்னும். தீவனத்தோடு கலந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கக் கூடாது. கரையொதுங்கும் பவளப்பாறைத் துண்டுகளை எடுக்க வேண்டாம். பவளம் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.

காலையில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு வெள்ளையாகக் கழிகிறது. அறுத்துவிடலாமா, சந்தையில் தள்ளிவிடலாமா? (வாசகர், சாத்தான்குளம்)

இரண்டும் வேண்டாம். சந்தைக்குப் போகும் அந்த ஒரு கோழி பத்து ஊருக்கு நோயைக் கொண்டுபோகும். உடனே தனியாகப் பிரித்து, கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். செத்தால் வாய்க்காலிலோ குப்பையிலோ போடாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கூட்டைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, குறைந்தது ஒரு மாதம் காலியாகப் போட்ட பிறகே புதுக் கோழி. ஒரே நாளில் பல கோழிகள் திடீரெனச் செத்தால் கையால் தொடாமல் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

கோழி வளர்க்க அரசு உதவி கிடைக்குமா? (வாசகி, ஓட்டப்பிடாரம்)

ஆதரவற்ற, கணவரை இழந்த, ஏழைப் பெண்களுக்கு 4 வார வயதுடைய 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 சதவிகித மானியத்தில் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு நடத்தியிருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் ஒன்றியத்துக்கு ஒதுக்கீடு உண்டா என்று கால்நடை மருந்தகத்தில் விண்ணப்பத்தோடு கேட்கலாம். 40 குஞ்சுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடு இல்லாமல் குஞ்சு வாங்கினால், பாதி விலையில் வாங்கினாலும் முழு நஷ்டம்தான்.

ஆத்தூர் வாசகிக்கு மூன்று இதழ்க் கணக்கு. இந்த இதழ் கைக்கு வந்ததிலிருந்து அடுத்த இதழ் வருவதற்குள் சுவரில் வெள்ளத் தடத்தைப் பார்த்து, கால் உயரத்தைக் குறித்து, கூட்டைக் கட்டி முடிப்பது. அதற்கடுத்த பதினைந்து நாளில் தெருவில் எட்டு வீட்டுக்காரர்களிடம் பேசி, ஊசி போடும் நாளை மருந்தகத்தில் கேட்டு வைப்பது. மூன்றாவது பதினைந்து நாளில், ஊசி போட்ட பத்து விடலைப் பெட்டையும் ஒரு சேவலும். முதல் அடைக் குஞ்சு வெளியே வரும்போது அத்தையையே கூப்பிட்டு எண்ணச் சொல்லலாம்.

அடுத்த இதழில்: கோடையில் அடைவைத்தால் முட்டை கூழாவது ஏன், எத்தனை நாள் முட்டையை அடைக்கு வைக்கலாம்?